தோன்றா எழுவாய்: பேர்ள் மொழியின் $_ உம் அதன் சொந்தக்காரர்களும்

$_ $/ $! $@ $$ $0 $& $; $|

ஆரோ கோபத்தில கீபோர்டில குத்தின மாதிரி இருக்குது, என்ன? இவை எல்லாமே மாறிகளின் பெயர்கள். பேர்ள் என்ற நிரல்மொழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்களுக்குப் பைதனில் மாறிக்குப் பெயர் வைக்கிற விதி பாடமாயிருக்கும். எழுத்தில் அல்லது அடிக்கோட்டில் தொடங்க வேண்டும், இலக்கத்தில் தொடங்கக்கூடாது, நடுவில் இடைவெளி வரக்கூடாது. அது நாங்கள் வைக்கிற பெயர்களுக்கான விதி. நாங்கள் வந்து சேருவதற்கு முன்னமே மொழியைச் செய்தவர் வைத்துவிட்டுப் போன பெயர்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பாடப்புத்தகம் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் ஒரு மொழியைச் செய்தவர் தன் முன்னால் ஆர் இருந்து வாசிக்கப்போகிறார் என்று நினைத்தார் என்பதை இந்தப் பெயர்களில்தான் பார்க்கலாம். எதைச் சொல்லாமல் விட்டாலும் உனக்கு விளங்கும் என்று அவர் நினைத்தாரோ, அதுதான் அங்கே ஒரு குறியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

கதை 1957 இல் இருந்து தொடங்குது. ஜோன் பக்கஸின் குழு ஐபிஎம் 704 கணினிக்காக வெளியிட்ட போர்ட்ரானில், ஒரு மாறி முழுவெண்ணா மெய்யெண்ணா என்று அறிவிக்கிற வழக்கமே இல்லை. பெயரின் முதல் எழுத்தே அதைச் சொல்லிவிடும். ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் முழுவெண், மற்ற எந்த எழுத்தில் தொடங்கினாலும் மெய்யெண். கணிதம் படித்த ஆளுக்கு இது புதுசு இல்லை. கீழ்க்குறிகளுக்கு ஐ, ஜே, கே போடுவதும் எண்ணிக்கைக்கு என் போடுவதும் கணிதத்தில் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் மொழிக்குள் சட்டமாக்கினார்கள். அந்தக் கணினியைத் தொடப்போகிறவர்கள் எல்லாரும் கணிதமோ பௌதிகமோ படித்தவர்கள் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை.

இதை வைத்து ஒரு பழைய பகிடி இருக்குது. கடவுளுக்கான ஆங்கிலச் சொல் ஜி எழுத்தில் தொடங்குவதால், முழுவெண் என்று அறிவிக்காத வரைக்கும் கடவுள் மெய். இந்தப் பகிடி தமிழில் ஆங்கிலத்தை விட நல்லாய் விழுகுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஆனால் அறிவிக்கத் தேவையில்லாத மாறிக்கு ஒரு விலை உண்டு. அந்தப் போர்ட்ரான் இடைவெளிகளைக் கணக்கில் எடுக்காது. ‘டூ 10 ஐ = 1,10’ என்று எழுதினால், ஐ 1 இலிருந்து 10 வரை போகும் வளையம் ஒன்று தொடங்கும். அந்தக் காற்புள்ளிக்குப் பதில் கை தவறி முற்றுப்புள்ளி விழுந்தால் ‘டூ10ஐ’ என்று ஒரு புதிய மாறி பிறந்து, அதற்குள் 1.10 போய் உட்காரும். பெயர் டி எழுத்தில் தொடங்குவதால் அது மெய்யெண், 1.10 உம் மெய்யெண். எல்லாம் பொருந்திவிடுவதால் பிழை என்று ஒரு சத்தமும் வராது. (மரீனர் 1 விண்கலம் 1962 இல் அழிந்தது இதனால்தான் என்று ஒரு கதை உலாவுகிறது. அது பிழையான கதை. அங்கே விடுபட்டது வேறொரு குறி.) பெயரின் முதல் எழுத்தை நம்பவேண்டாம், எல்லாவற்றையும் நானே அறிவிப்பேன் என்று எழுதுகிற கட்டளை போர்ட்ரான் 90 இல்தான் நியமமாக வந்தது.

டொலர் குறியின் கதை யுனிக்ஸில் இருந்து வருகிறது. ஆரம்பகால யுனிக்ஸ்காரர் முன்னால் திரை இல்லை. டெலிடைப் மொடல் 33 போன்ற தட்டச்சு இயந்திரம்தான் இருந்தது, அது செக்கனுக்கு 10 எழுத்துத்தான் அடிக்கும். அந்த வேகத்தில் நீண்ட பெயர் என்பது வீண் செலவு. 1979 இல் யுனிக்ஸின் ஏழாவது பதிப்போடு வந்த ஸ்டீவன் போர்னின் ஷெல்லில், கடைசிக் கட்டளை சரிவந்ததா என்று கேட்க $?, ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லின் இலக்கத்துக்கு $$, பின்னணியில் கடைசியாக விட்ட வேலையின் இலக்கத்துக்கு $!, எத்தனை உள்ளீடு தரப்பட்டது என்பதற்கு $#. கேள்விக்குறியைப் பார்த்தால் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பது போலவே இருக்கும். நல்ல பெயர்தான். இன்னொரு வசதியும் இருந்தது. பாவனையாளர் தன் மாறிகளுக்கு எழுத்துகளால் பெயர் வைப்பார், மொழி தன்னுடையவற்றுக்குக் குறிகளால் வைக்கும். இரண்டும் ஒருநாளும் முட்டாது.

அதே பெல் ஆய்வுகூடத்தில் 1977 இல் அஹோ, வைன்பெர்கர், கேர்னிகன் மூவரும் ஓக் என்ற சின்ன மொழியைச் செய்தார்கள். அங்கே $0 என்றால் வாசித்த முழு வரி, $1 என்றால் அந்த வரியின் முதல் துண்டு. ஷெல்லிலோ $0 என்பது செய்நிரலின் பெயர், $1 என்பது அதற்குத் தரப்பட்ட முதல் உள்ளீடு. ஒரே கட்டடத்துக்குள்ளேயே ஒரு குறிக்கு இரண்டு கருத்து. இவை இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு ஒரு புதிய மொழி செய்யப்போகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கோ.

அந்த ஆள் லரி வோல். கணினி விஞ்ஞானியாகத் தொடங்கியவர் என்பதை விட மொழியியல் ஆள் என்று சொல்வதுதான் பொருத்தம். மனைவியோடு சேர்ந்து எழுத்துவடிவம் இல்லாத ஏதாவது ஒரு மொழியைத் தேடிப் போய் அதற்கு எழுத்து அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பழைய திட்டம். உடல்நிலை இடங்கொடுக்காததால் அது கைவிடப்பட்டது. யுனிசிஸ் நிறுவனத்தில் வேலை செய்யும்போது பல கோப்புகளில் இருந்து அறிக்கை தயாரிக்க வேண்டி வந்தது. ஓக் அதற்குப் போதவில்லை. அதனால் தானே ஒன்றைச் செய்து, 1987 டிசெம்பர் 18 ஆம் திகதி எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார். அதுதான் பேர்ள்.

ஷெல்லில் இருந்து $0 ஐயும் $$ ஐயும் எடுத்தார். ஓக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்த மாறிகளைக் குறிகளாக மாற்றினார். வரி இலக்கம் $. ஆனது, வரிகளைப் பிரிக்கும் குறி $/ ஆனது. $1 க்கு மூன்றாவது கருத்து ஒன்று கொடுத்தார். கோலத் தேடலில் முதல் அடைப்புக்குள் அகப்பட்ட துண்டு அது. இவ்வளவையும் எப்படி ஞாபகம் வைப்பது? பேர்ள் கையேட்டிலேயே ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு ஞாபகக் குறிப்பு இருக்கும். கவிதை வரிகளை ஒரே வரியில் எழுதும்போது நடுவில் சாய்கோடு போடுவோமே, அதனால் $/. ஏதோ வெடித்துவிட்டது, அதனால் $!. இவை விளங்கும். ஆனால் $@ ஐப் பாருங்கோ. ‘எந்த இடத்தில்’ பிழை என்று கேட்கிற ஆங்கிலச் சொல்லின் மேல் கட்டின சிலேடை அது. $( உம் $) உம் இன்னும் மோசம். குழு இலக்கங்கள் இரண்டைக் குறிக்கும் இந்த அடைப்புகளின் ஞாபகக் குறிப்பு, விட்டு வந்தது, இடப்பக்கம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதிலும், பொருத்தமானது, வலப்பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதிலும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் பகிடி விளங்கினால் ஞாபகம் நிற்கும். எங்களுக்கு முதலில் பகிடியைப் பாடமாக்க வேணும், பிறகு குறியை.

ஆனால் $_ வேறு சாதி. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பேர்ளில் வெறுமனே ‘அச்சிடு’ என்று எழுதலாம். எதை என்று சொல்லத் தேவையில்லை. ‘வரியின் வாலை வெட்டு’ என்று எழுதலாம், எந்த வரி என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கோலத்தை மட்டும் எழுதிவிட்டு, இது இருக்கிறதா என்று கேட்கலாம். எதற்குள் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் விட்ட எல்லா இடத்திலும் மொழி $_ ஐ எடுத்துக்கொள்ளும். இப்போது கையில் எது இருக்கிறதோ, அது. பேர்ள்காரர் இதைச் சுட்டுப்பெயர் என்று சொல்வார்கள். ஆங்கிலம் பேசுகிற ஆளுக்கு இது கொஞ்சம் துணிச்சலான விசயம், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுவாயைச் சும்மா விழுங்க முடியாது.

எங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

‘சாப்பிட்டியோ?’

‘ஓம், சாப்பிட்டாச்சு.’

ஆர் சாப்பிட்டது, என்னத்தைச் சாப்பிட்டது, இரண்டும் வாக்கியத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லித் தந்தார்கள். (இங்கே செயப்படுபொருளும் சேர்ந்துதான் தோன்றவில்லை. $_ உம் கூடுதலாக அந்த வேலையைத்தான் செய்கிறது.) அமெரிக்காவில் ஒரு மொழியியல்காரர், மனிசர் கதைக்கிற மாதிரியே கணினிக்கும் கதைக்கலாம், எல்லாத்தையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லை என்று முடிவெடுத்தது எனக்குப் பிடித்த விசயம். பேர்ளை ‘எழுத மட்டும் முடிந்த, வாசிக்க முடியாத மொழி’ என்று நக்கலடிக்கிற ஆக்கள் இந்த யோசனையின் ஆழத்தைக் கவனிப்பதில்லை.

ஆனால் நக்கலடிப்பவர்களுக்கும் நியாயம் இருக்குது. ‘ரவி குமாரிட்ட அவன்ர சைக்கிளைக் குடுத்தான்.’ ஆற்ர சைக்கிள்? கேட்கிற ஆளுக்கு ரவியையும் குமாரையும் தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாத ஆளுக்கு இந்த வாக்கியம் பாதிதான். $_ இல் நடந்ததும் இதேதான், ஆனால் இன்னும் கொடுமையாக.

பேர்ளில் ஓர் அணியில் உள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிற வளையம் ஒன்று உண்டு. பெயர் எதுவும் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு உறுப்பும் முறைக்கு முறை $_ ஆகும். நகல் இல்லை, அந்த உறுப்பின் இன்னொரு பெயர்தான் $_. அந்த வளையத்துக்குள் இருந்து இன்னொரு ஆள் எழுதிய சார்பு ஒன்றை அழைக்கிறீர்கள் என்று வையுங்கோ. அவர் உள்ளே ஒரு கோப்பை வரி வரியாக வாசிக்கிறார், அவருக்கும் பெயர் வைக்கப் பஞ்சி, அவருடைய வரிகளும் $_ க்குள்தான் வந்து விழும். அந்த வகை வளையம் உங்கள் $_ ஐ எடுத்துப் பத்திரமாக வைக்காது. கோப்பு முடியும்போது $_ வெறுமையாகிவிடும். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் அணியின் அந்த உறுப்பு இல்லை. அடுத்த சுற்றில் அடுத்த உறுப்பும் போகும். கடைசியில் அணி முழுக்க வெறுமை. பிழைச்செய்தி ஒன்றும் வராது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சரியாகத்தான் எழுதினார்கள், ஆனால் இரண்டு பேரும் ‘அது’ என்று சொன்னது ஒரே பெட்டியை.

ஒரு ஆள் ஒரு மேசையில் இருந்து ஒரு மாலை நேரத்துக்குள் எழுதிமுடிக்கிற சின்னச் செய்நிரலுக்கு $_ ஐப் போல ஒரு சுகம் இல்லை. 1990களில் இணையத்தளங்களுக்குப் பின்னால் பேர்ள் ஓடத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஆக்கள் தங்கள் நிரல்களை ஒருத்தரோடு ஒருத்தர் பகிர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. பேர்ள் குழுவும் சும்மா இருக்கவில்லை. மொழியின் 20 ஆவது பிறந்தநாளான 2007 டிசெம்பர் 18 இல் வந்த 5.10 பதிப்பில், $_ ஐ அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் வாழவைக்கிற வசதி தந்தார்கள். அது தீர்த்ததை விடக் குழப்பியது கூட. 2016 இல் வந்த 5.24 இல் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள். பேர்ளின் அடுத்த தலைமுறையாகத் தொடங்கி இப்போது ராக்கு என்று தனிமொழியாகிவிட்டதில், ஒவ்வொரு சார்புக்கும் தன்னுடைய $_ தனியாக உண்டு. முதலே அப்படிச் செய்திருக்கலாம் எண்டு இப்ப சொல்லுறது சுகம்.

$& என்று இன்னொன்று. கோலத் தேடலில் எந்தத் துண்டு பொருந்தியதோ, அதைத் தரும். வசதியானது. ஆனால் செய்நிரலில் எங்கேயாவது ஒரு தடவை இந்தப் பெயரை எழுதினால் போதும், அந்தச் செய்நிரலில் நடக்கிற எல்லாத் தேடல்களும் மெதுவாகிவிடும். எப்போது கேட்பார்களோ என்று ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்து வைக்கவேண்டி வந்ததுதான் காரணம். நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. நீங்கள் இறக்கிப் பாவித்த ஆரோ ஒருவரின் தொகுதிக்குள் இருந்தாலும் போதும். பெயரைச் சொன்னாலே தோஷம் என்கிற மாதிரி. இது 2014 இல் வந்த 5.20 வரைக்கும் தொடர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. குறிகள் விளங்காத ஆக்களுக்காகப் பேர்ள் 5 ஓடு ஒரு தொகுதி வந்தது. அதைச் சேர்த்துக்கொண்டால் $_ க்கும் $! க்கும் $/ க்கும் நீளமான, வாசிக்கக்கூடிய சொற்பெயர்கள் கிடைக்கும். அந்தத் தொகுதி $& க்கும் பெயர் வைத்திருந்ததால், அதைச் சும்மா சேர்த்தாலே தேடல்கள் மெதுவாகின. வாசிக்கிறதுக்கு விளங்க வேண்டும் என்று நினைத்தவர்தான் தண்டம் கட்டினார். அந்தத் தொகுதியின் பெயர் என்ன தெரியுமோ? ‘இங்கிலிஷ்’.

குறிகள் புதியவர்களை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2011 இல் அண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் குழுவும், நிரல் எழுதியே பழகாத ஆக்களிடம் மூன்று மொழிகளைக் கொடுத்தார்கள். ஒன்று அவர்களே செய்த குவோரம், ஒன்று பேர்ள், மூன்றாவது குறிகளைக் குருட்டுவாக்கில் தேர்ந்தெடுத்துச் செய்த போலிமொழி. பேர்ள் கிடைத்தவர்கள் போலிமொழி கிடைத்தவர்களை விடக் குறிப்பிடத்தக்க அளவு சரியாக எழுதவில்லை. சின்ன ஆய்வுதான், $_ ஐ மட்டும் தனியாக எடுத்துச் சோதித்ததும் இல்லை. பேர்ள்காரர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் வெளியில் இருந்து வருகிற ஆளுக்கு அந்தக் குறிகள் எப்படித் தெரியும் என்பதற்கு எனக்கு அது போதும்.

பிறகு வந்த மொழிகள் பல இந்தக் குறிகளைக் கைவிட்டன. பைதனில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட பெயர்கள் மொழிக்குச் சொந்தம். ‘__மெயின்__’ என்று முடிகிற அந்த வரியை ஏன் என்று கேளாமலே பார்த்து எழுதின ஆக்கள் எங்களில் கனபேர். ஒற்றை அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் ‘இது உள்வீட்டுச் சாமான், தொடாதே’ என்று பொருள்படும், ஆனால் தொட்டால் ஒருத்தரும் தடுக்கமாட்டார்கள்.

கடைசியாகக் கோ. (‘கோவில்’ என்று எழுதினால் வேறு எங்கோ போய்விடுவோம், அதனால் கோ மொழி என்றே எழுதுகிறேன்.) 2009 இல் கூகுளில் இருந்து வெளிவந்தது. இதில் டொலர் குறி இல்லை, இரட்டை அடிக்கோடு இல்லை, பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் போர்ட்ரானின் பழைய யோசனை வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது: பெயரின் முதல் எழுத்து ஒரு கட்டளை. பெரிய எழுத்தில் தொடங்கினால் அந்தப் பெயரை மற்றத் தொகுதிகளும் பாவிக்கலாம், சின்ன எழுத்தில் தொடங்கினால் வீட்டுக்குள் மட்டும். புதிதாகப் பழகுகிற ஆள் தன் தரவை ஜேசனாக மாற்றப் போய், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் அடைப்பு மட்டும் வந்து நிற்பதைப் பார்த்துத் தலையில் கைவைப்பது வழக்கம். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் தொடங்கியிருப்பார்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. சிங்களத்திலும் இல்லை, அரபியிலும் யப்பானிய மொழியிலும் இல்லை. ஆகவே தமிழ் எழுத்தில் தொடங்கும் ஒரு பெயர் கோ மொழியில் ஒருநாளும் வெளியே போகமுடியாது.

அதற்கு முதலே இன்னொரு தடை இருக்குது. கோ மொழியில் பெயர் என்பது எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும் மட்டும்தான். யுனிகோட் கணக்கில் ‘து’ என்பது ஓர் எழுத்து இல்லை. ‘த’ ஓர் எழுத்து, அதோடு ஒட்டுகிற உகரக் குறி ஓர் ஒட்டுக்குறி. புள்ளியும் ஒட்டுக்குறிதான். ஒட்டுக்குறிகளுக்கு அங்கே இடமில்லை. ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘சில’ என்றால் இகரக் குறியில் முறிந்துவிடும். ‘ஆ’, ‘ஈ’ போகும். ‘கடல்’ போகாது, ‘வயது’ போகாது, ‘அம்மா’ போகாது. $_ க்குத் தமிழில் நாங்கள் வைக்கக்கூடிய மிகப் பொருத்தமான பெயரான ‘அது’வும் போகாது. பைதன் 3 இல் இவை எல்லாமே போகும், பேர்ளிலும் ஒரு வரி சேர்த்துவிட்டால் $அது என்று எழுதலாம்.

கோ மொழியைச் செய்த மூவரில் இருவர் கென் தொம்சனும் ரொப் பைக்கும். யுனிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே தொம்சன்தான். இந்த இருவரும் 1992 இல் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக்கடையில், மேசைவிரிப்புத் தாளில் வரைந்ததுதான் யுடிஎஃப்-8. நீங்கள் இப்போது வாசிக்கிற இந்தத் தமிழ் எழுத்துகள் உங்கள் திரைக்கு வந்து சேர்ந்ததே அந்த முறையில்தான். அதனால் இது தமிழைத் தெரியாத ஆக்களோ வேண்டாம் என்று நினைத்த ஆக்களோ செய்த விதி என்று சொல்ல முடியாது. கோ மொழியின் கேள்வி பதில் பக்கத்தில் இரண்டு குறையையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒட்டுக்குறி விலக்கப்பட்டதால் தேவநாகரி போன்றவை அடிபடுகின்றன என்றும், பெரிய எழுத்து இல்லாத மொழிக்காரர் இப்போதைக்குப் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில எக்ஸைப் போடுவதைத் தவிர வழியில்லை என்றும், அது திருப்தியான தீர்வு இல்லை என்றும்.